மார்க்கர் தோற்ற ஆட்டம்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் காந்திபுரத்து டீக்கடைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் மாடியில் இருந்த ஸ்னூக்கர் ஹாலை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. 2001, 2002இல், மூடுவதற்கு முன் கடைசி இரண்டு வருடம் நானும் அங்கே ஆடியவன்தான். அப்போது பெரிய டேபிள் ஒன்றை எடுத்துவிட்டு இரண்டு பூல் டேபிள் போட்டிருந்தார்கள். ஸ்கோர் சொல்லி டேபிள்களைக் கவனித்துக்கொண்ட பழைய மார்க்கரைப் பற்றிப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை.

இப்போது சவூதியில், தம்மாமில் வேலை. கேம்ப்பில் ஒரு பூல் டேபிள் இருக்கிறது. என் ரூம்மேட் பிலிப்பைன்ஸ்காரர், பம்பங்கா மாகாணம். அவர்கள் ஊர் பூல் ஆட்டக்காரர் எஃப்ரென் ரேயஸ் பெயரைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும், நம் ஆட்கள் குலசாமி பெயரைச் சொல்வதுபோல. அந்த ரேயஸ் சின்ன வயதில் பூல் டேபிள் மேலேயே படுத்துத் தூங்கி வளர்ந்தவராம், உண்மையா? அவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார், நமக்கு ஏன் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை? நம் மார்க்கர் மட்டும் வெளியே போயிருந்தால் உலக சாம்பியன் ஆகியிருப்பார் என்பார்களே, அது நிஜமா? நீங்கள் அவரை நேரில் பார்த்தவர். கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

(என் பெயரைப் போட வேண்டாம் அண்ணா. ஆபீஸ் நேரத்தில் எழுதுகிறேன், இங்கேயும் உங்களைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.)

*

அன்புள்ள தம்பி,

ஒரே வரியில் விட்டது மறதியால் இல்லை. அந்த ஹாலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தை நான் ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அதைப் பல வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் அதில் வந்து இடித்துவிட்டது. சரி, வருகிறேன். ஹாலின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் எடுத்துவிட்டேன். கோவையில் அந்தக் காலத்தில் ஸ்டிக் பிடித்த யாருக்கும் எந்த மாடி என்று தெரியும்.

நீங்கள் பார்த்தது அதன் கடைசிக் காலம். நான் போனது 1991இலிருந்து 96 வரை. அப்போது மூன்றுமே பெரிய டேபிள், பன்னிரண்டடிக்கு ஆறடி, பச்சைத் துணிக்கு அடியில் ஸ்லேட் கல் பலகைகள், டேபிள் ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் கனம். அதை அந்தக் குறுகல் படியில் எப்படி ஏற்றினார்கள் என்று கீழே டீக்கடைக்காரரைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்வார், ஒரு தடவை கிரேன் வந்தது என்பார், இன்னொரு தடவை மார்க்கெட்டிலிருந்து பதினாறு லோடுமேன்கள் என்பார். ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்ததால் உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாது. டேபிளுக்கு மேலே நீளமான தொங்குவிளக்கு. எந்த டேபிளில் ஆட்டமோ அதில் மட்டும் வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. சுவிட்ச் மூன்றும் முதலாளியின் மேஜைக்குப் பின்னால் இருந்தன. அவர் சுவிட்சைத் தட்டிவிட்டு நீள நோட்டில் நேரம் எழுதுவார். அதாவது விளக்கு எரிந்தால் காசு ஓடுகிறது. மணிக்கு 40 ரூபாய். கீழே சாப்பாடு 12 ரூபாய்க்குக் கிடைத்தது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காசைத் தோற்றவர்தான் கொடுக்க வேண்டும். இந்த வழக்கம் உங்கள் காலத்திலும் இருந்திருக்கும். 'லூசர் பே' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். அது ஹாலில் இருந்த எல்லாரையும் என்ன செய்தது என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் யோசித்தேன். நன்றாக ஆடுகிறவருக்கு மாலை முழுக்க ஆட்டம் இலவசம், ஒரு பைசா எடுக்க வேண்டாம், ஆனால் அந்த இலவசம் நீடிக்க வேண்டுமானால் எதிரே தோற்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நாளைக்கும் வர வேண்டும். அறுபது பாயிண்டில் தோற்றவர் நாளைக்கு வர மாட்டார். எட்டு பாயிண்டில் தோற்றவர் வருவார், "நேத்து கடைசில கை வழுக்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஸ்டிக்கை எடுப்பார். அதனால் எங்கள் ஹாலில் நன்றாக ஆடிய அத்தனை பேரும் எட்டு பாயிண்டில் ஜெயிக்கப் பழகியிருந்தார்கள். தேவைக்கு மேல் ஒரு பந்துகூடப் போடுவதில்லை.

வாடிக்கை ஆட்டக்காரர்கள் யாருக்கும் அங்கே சொந்தப் பெயர் கிடையாது. ஃபைனான்ஸ் என்று ஒருவர், ஈரோட்டுப் பக்கம், வெள்ளைச் சட்டை, ஐந்து வருடமும் தோற்றார், ஐந்து வருடமும் காசு கொடுத்தார், அந்த ஹாலின் கரண்ட் பில்லைக் கட்டியதே அவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்வோம். பேங்க் சார், ஒரு பந்தைப் போட நான்கு நிமிடம் எடுப்பார், போட மாட்டார், எதிராளிக்கும் வழி இல்லாமல் வெள்ளைப் பந்தை எதற்காவது பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கண்ணாடி துடைப்பார். அவரோடு ஆட யாரும் விரும்ப மாட்டார்கள். இப்போது யோசித்தால் அங்கே ஆட்டத்தை நிஜமாகப் புரிந்துவைத்திருந்தது அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. பீளமேட்டு ஃபவுண்டரியில் வேலை பார்த்த ஒருவர் விரலெல்லாம் தீத்தழும்போடு வருவார். அடித்தால் பந்து பாக்கெட்டில் விழும் சத்தம் கீழே டீக்கடைவரை கேட்கும், விழாவிட்டால் பந்து தரையில் ஓடும். அப்புறம் காலேஜ் பையன்கள், அதில் நானும் ஒருவன். நான் சுமார். எட்டு பாயிண்டில் தோற்கிற சாதி.

மார்க்கருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. நீலகிரிக்காரர். அப்பாவும் அவரும் மலையில் ஒரு கிளப்பில் மார்க்கர்களாக இருந்தவர்கள், மகன் படிப்புக்காக இவர் கீழே இறங்கி வந்துவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஸ்டிக் நுனியில் தேய்க்கிற ஒரு நீலச் சாக் கிடக்கும், அது பையில் ஊறி எந்தச் சட்டை போட்டாலும் இடது மார்பில் ஒரு நீல வட்டம் தெரியும். எங்களோடு தமிழில் பேசுவார், ஸ்கோர் மட்டும் இங்கிலீஷில். பந்து விழுந்ததும் "லெவன்... ட்வெல்வ்... நைன்டீன்" என்று கோயிலில் அர்ச்சனைப் பெயர் சொல்வதுபோல ஒரு ராகத்தில் வரும். எதிராளிக்கு இனி மிச்சப் பந்துகளால் எட்டாது என்ற நிலை வந்தால் "சார் நீட்ஸ் ஸ்னூக்கர்" என்று மரியாதையாக அறிவிப்பார். ஃபைனான்ஸ் அதைக் கேட்டுக் கேட்டு அது ஏதோ பாராட்டு என்று முதல் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

மலைக் கிளப்பைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. மெம்பர் யாராவது துணையில்லாமல் வந்துவிட்டால் மார்க்கர் கூட ஆட வேண்டும். ஆடலாம், ஜெயிக்கக் கூடாது. ரொம்ப மோசமாகவும் தோற்கக் கூடாது, அது மெம்பருக்கே தெரிந்துவிடும். "பத்துக்குள்ள தோக்கோணும் தம்பி, எங்கப்பா அதத்தான் மொதல்ல சொல்லிக் குடுத்தாரு, அப்புறந்தான் ஸ்டிக் புடிக்கறது." போட்டிகளுக்குப் போகலாமே என்றால், அதற்கும் வழியில்லை. ஆட்ட அறையில் கூலி வாங்குகிறவன் அமெச்சூர் இல்லை என்பது அந்தக் காலத்துக் கிளப் கணக்கு. நாள் பூராவும் டேபிளோடு இருக்கிறவனுக்குப் போட்டி கிடையாது, வாரத்தில் இரண்டு நாள் வருகிறவருக்குக் கோப்பை.

"இந்த ஆட்டமே எங்க ஊர்ல பொறந்தது" என்றும் அடிக்கடி சொல்வார். முக்கால்வாசி உண்மை. நெவில் சேம்பர்லேன் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, பிற்காலத்து பிரிட்டிஷ் பிரதமர் இல்லை, இவர் வேறு, 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருந்தபோது, ஏற்கெனவே இருந்த ஒரு பூல் ஆட்டத்தில் கூடுதலாகக் கலர் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்ததில் பிறந்தது ஸ்னூக்கர். உல்விச் ராணுவப் பள்ளியில் முதலாமாண்டு மாணவனைக் கிண்டலாக ஸ்னூக்கர் என்பார்கள், சுலபமான பந்தைத் தவறவிட்ட ஒருவரை இவர் அப்படிக் கூப்பிடப்போய் அதுவே ஆட்டத்துக்குப் பெயராகிவிட்டது. அப்புறம் அவர் மெட்ராஸ் ராணுவத் தளபதி ராபர்ட்ஸிடம் வேலைக்கு வருகிறார், தளபதி கோடைக்கு ஊட்டி போவார், இவரும் கூடப் போவார், 1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். ஆக ஜபல்பூரில் பிறந்து ஊட்டியில் ஜாதகம் எழுதிய பிள்ளை. மார்க்கரிடம் இதைச் சொன்னபோது, "ஜாதகம் எழுதுன எடந்தானுங்க ஊரு" என்று முடித்துவிட்டார். எப்படிப் பார்த்தாலும், டேபிளுக்கு வாடகை கொடுக்காதவர்கள் மழைக்காலம் முழுக்கப் பொழுதுபோக்கியதில் வந்த ஆட்டம் இது என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் ரூம்மேட் சொன்னது. ஆமாம், உண்மைதான். எஃப்ரென் ரேயஸ் 1954இல் பம்பங்காவில் பிறந்தவர். ஐந்து வயதில் மணிலாவுக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாமா வைத்திருந்தது லக்கி 13 என்ற பூல் ஹால். பையனுக்கு அங்கே எடுபிடி வேலை. வேலை பார்த்தபடியே மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். டேபிள் உயரம் எட்டாது, அதனால் காலி கோகோ-கோலா பெட்டிகளைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று அடிப்பான், அடுத்த அடிக்குப் பெட்டியை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இரவில் ஹாலை மூடிய பிறகு டேபிள்தான் படுக்கை. 'பாட்டா' என்ற பட்டப்பெயர்கூட அங்கே எஃப்ரென் என்று வயதில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் ஏற்கெனவே இருந்ததால் வந்தது, அவர்கள் மொழியில் பொடியன் என்று பொருள். எழுபது வயதைத் தாண்டியும் அவர் பொடியன்தான்.

இதைக் கேட்டால் எல்லாருக்கும் ஏழைப் பையன் கதையாகத் தெரிகிறது. எனக்கு அதில் தெரிவது இலவச டேபிள். ஃபிலடெல்ஃபியாவில் வில்லி மொஸ்கோனி என்று ஒருவர் இருந்தார், 1913இல் பிறந்தவர். அப்பா பூல் ஹால் நடத்தினார், குடும்பம் மாடியில். பையன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்று அப்பா ஸ்டிக்கையும் பந்துகளையும் பூட்டி வைத்தால், சமையலறையிலிருந்து சின்ன உருளைக்கிழங்குகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்து துடைப்பக் கட்டையால் அடித்துப் பழகினாராம். பூட்ட முடியாத ஒரே பொருள் டேபிள், அது கீழேயே கிடந்தது. 1954இல் ஒஹையோவில் ஒரு காட்சி ஆட்டத்தில் ஒரு பந்துகூடத் தவறாமல் தொடர்ந்து 526 போட்டார், அங்கீகரிக்கப்பட்ட கணக்கில் 2019 வரை யாரும் அதைத் தாண்டவில்லை. மாமா ஹால், அப்பா ஹால். விளக்கு எரிந்தால் காசு என்ற பயம் இல்லாமல் ஒரே அடியை ஐந்நூறு தடவை அடித்துப் பார்க்க முடிந்தவர்கள். நாங்கள் ஒரு அடியைத் தவறவிட்டால் அதை மறுபடி வைத்து அடித்துப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் நோட்டில் நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்.

"நமக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு தம்பி, இதை நான் விட முடியாது. சுதந்திர இந்தியாவுக்கு எந்தத் தனிநபர் விளையாட்டிலும் முதல் உலகப் பட்டம் வாங்கித் தந்ததே பில்லியர்ட்ஸ்தான். வில்சன் ஜோன்ஸ், 1958, கல்கத்தா கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல். 1964இல் நியூசிலாந்தில் இன்னொரு முறை. இலங்கைக்கும் அப்படித்தான், கொழும்புக்காரர் எம்.ஜே.எம். லாஃபிர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை ஜெயித்தபோது அந்த நாட்டில் கிரிக்கெட்டுக்கு டெஸ்ட் அந்தஸ்துகூட வரவில்லை. நம் பக்கத்தில் பெங்களூரில் பங்கஜ் அத்வானி, பதினெட்டு வயதில் 2003இல் சீனாவில் உலக ஸ்னூக்கர் பட்டம், இன்றைக்கு உலகப் பட்டங்கள் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டன. அவர் வளர்ந்தது கர்நாடக பில்லியர்ட்ஸ் சங்கத்தின் டேபிள்களில், அரவிந்த் சவூரிடம். நமக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள், நம் மாடிக்குக் கிடைக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

இனி மார்க்கர்.

1994 நவம்பர், நல்ல மழை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருவர் படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் நீளப் பெட்டி, அதற்குள் இரண்டாகப் பிரித்த சொந்த ஸ்டிக். எங்கள் ஹாலில் சொந்த ஸ்டிக் வைத்திருந்தவர் யாருமில்லை, எல்லாரும் சுவரில் மாட்டியிருந்ததில் கோணல் குறைவானதைத் தேடி எடுப்போம். பம்பாயில் ஆடியவராம், ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். ஆளுக்கு இருபது பாயிண்ட் முன்கூட்டியே கொடுத்து வரிசையாக எல்லாரையும் தோற்கடித்தார். ஃபவுண்டரிக்காரர், பேங்க் சார், பெயர் மறந்துபோன ஒரு மெடிக்கல் மாணவர். எட்டு பாயிண்ட் கணக்கெல்லாம் அவரிடம் இல்லை, முழுசாக அடித்தார். ஒன்பது மணி ஆனபோது ஃபைனான்ஸ் எழுந்து, ஐந்நூறு ரூபாயை டேபிள் விளிம்பில் வைத்து, "எங்க மார்க்கரோட ஆடுங்க சார்" என்றார். முதலாளி பார்த்தார், மறுக்கவில்லை. மார்க்கருக்கும் இருபது கொடுக்கிறேன் என்றார் வந்தவர். "வேண்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு மார்க்கர் சுவரிலிருந்து கைக்குக் கிடைத்த ஸ்டிக்கை எடுத்தார். உருட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நடுவில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு போனால் நீளும். கடைசியில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம், அதற்கு ஏழு. மார்க்கர் 58, வந்தவர் 63. கறுப்பு அதன் இடத்திலேயே இருக்கிறது, வெள்ளை வசதியான தூரத்தில், கொஞ்சம் சாய்த்து அடித்தால் மூலைப் பாக்கெட். ஹாலில் மற்ற இரண்டு விளக்கும் அணைந்திருந்தன. மார்க்கர் குனிந்தார், வழக்கம்போல ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஸ்டிக்கை ஆட்டிப் பார்க்கவில்லை, அடித்தார். கறுப்பு பாக்கெட்டின் இரண்டு உதட்டிலும் மாறி மாறி மோதி வாயிலேயே நின்றுவிட்டது. வந்தவர் எழுந்து போய் அதைத் தட்டிவிட்டார். "செவன்ட்டி, ஃபிஃப்டி எய்ட்" என்று ஸ்கோரையும் மார்க்கர்தான் சொன்னார், அதே ராகத்தில். ஃபைனான்ஸ் குடையை மறந்துவிட்டுக் கிளம்பினார்.

மழை விடவில்லை, நான் நின்றுவிட்டேன். முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஹாலை மூடியபின் டேபிளுக்கு மார்க்கர் செய்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் காலத்தில் அதை யாரும் செய்திருக்க மாட்டார்கள், செய்திருந்தால் துணி அப்படிக் கிழிந்திருக்காது. முதலில் பிரஷ். 'டி' எழுத்துபோலக் கோடு போட்ட பக்கத்திலிருந்து கறுப்புப் பந்துப் பக்கமாக மட்டும், ஒரே திசையில், திரும்பி வரும்போது பிரஷைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். துணியில் பூனை முடிபோல ஒரு மயிர்வாக்கு உண்டு, எதிர்த்துத் தேய்த்தால் மறுநாள் பந்து வளையும். அப்புறம் இஸ்திரி. நம் வீட்டுப் பெட்டி இல்லை, செவ்வகமாக, அடி வழவழவென்று, ரொம்ப கனம். சூடு சரியா என்று தினத்தந்தித் தாளில் வைத்துப் பார்ப்பார். தாள் லேசாகப் பழுத்தாலும் காத்திருப்பார்.

அன்றைக்குப் பெட்டி சூடாகும்வரை நேரம் இருந்தது. அவர் கறுப்புப் பந்தை அதன் இடத்தில் வைத்தார். வெள்ளையை அதே தூரத்தில் வைத்தார். அடித்தார், விழுந்தது. மறுபடி வைத்தார், விழுந்தது.

"வேணும்னேதான் விட்டீங்களா?" என்று கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. மூன்றாவது தடவை வைத்தார்.

அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அடித்து முடித்ததும் பெட்டியின் பக்கம் போனார். நான் விடாமல் பின்னாலேயே போய் மறுபடி கேட்டேன். தாளில் பெட்டியை வைத்துப் பார்த்துக்கொண்டே, "சூடு எறங்கிரும் தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அவ்வளவுதான். பம்பாய்க்காரர் மறுநாளே வந்தார், அப்புறம் இரண்டு வருடம் வாரத்துக்கு நான்கு நாள் வந்தார், முதலாளிக்கு அவரால் நல்ல வரும்படி.

மறுநாள் காலை டீக்கடையில் நான் சொன்ன கதை இதுதான்: மார்க்கர் வேண்டுமென்றே தோற்றார், எல்லாரும் போனபிறகு அதே அடியை வைத்து வைத்துப் போட்டார், நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வாரத்தில் அது பத்துக்குப் பத்து என்று ஆனது. ஒரு மாதத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டார் என்று என்னிடமே ஒருவர் சொன்னார், நான் மறுக்கவில்லை. 'வெளியே போயிருந்தால் உலக சாம்பியன்' என்பதும் எங்கள் டீக்கடை பெஞ்சில் உண்டானதுதான், சொன்ன முதல் வாய் என்னுடையதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஏழெட்டு வருடம் கழித்து நீங்கள் பெரியவர்களிடம் கேட்டது அதைத்தான். பெரியவர்கள் என்று நீங்கள் சொன்னதில் நானும் அடக்கம் என்பதை இன்று காலைதான் உணர்ந்தேன், கொஞ்சம் வலித்தது.

மூன்றாவது தடவை பந்து விழவில்லை தம்பி. அதே பாக்கெட், அதே உதடு, அதே வாயில் நின்றது. அவர் அதைக் கையால் எடுத்துப் பந்துப் பெட்டியில் போட்டார்.

ஆக, அவர் வேண்டுமென்றே விட்டாரா? தெரியாது. மூன்றில் இரண்டு என்பது நல்ல ஆட்டக்காரரின் கணக்கு, உலக சாம்பியனின் கணக்கு இல்லை. யாரும் பார்க்காதபோது, காசு இல்லாதபோது விழும் பந்து எதையும் நிரூபிக்காது. எனக்கே தனியாக ஆடினால் நிறைய விழும். அவர் பெரிய ஆட்டக்காரராகவும் இருந்திருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்து பத்துக்குள் தோற்கப் பழக்கப்பட்ட கை ஒருநாள் ஜெயிக்க நினைத்தாலும் ஜெயிக்குமா என்பது அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். தெரிந்துகொள்ள அவரை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. ஐந்நூறு ரூபாய் வைத்த ஃபைனான்ஸ்தான் அவர்மீது பந்தயம் கட்டிய ஒரே ஆள். பாவம், அவரைத்தான் நாங்கள் கிண்டல் செய்தோம்.

ரேயஸ் விஷயத்தில் வித்தியாசம் இங்கேதான். டேபிள்மேல் தூங்கியது பாதிக் கதை. மணிலாவில் பெரிய பணப் பந்தயங்கள் நடக்கும், பின்னால் நின்று பணம் கட்ட ஆட்கள் இருந்தார்கள். நல்ல ஆட்டக்காரன் எதிராளிக்கு நிறைய விட்டுக்கொடுத்து ஆட வேண்டும், அதனால் ஒளித்து ஆடக் கட்டாது, இருப்பதையெல்லாம் எடுத்தால்தான் ஜெயிக்கலாம். அதையும் தாண்டி 1985இல் அமெரிக்கா போனார். ஹூஸ்டனில் ரெட்ஸ் என்ற ஹாலில் நடந்த நைன்-பால், அதாவது ஒன்பது பந்துப் பூல், போட்டியில் சீசர் மொராலஸ் என்ற பொய்ப் பெயரில் சேர்ந்து ஜெயித்தார். பிலிப்பைன்ஸில் எஃப்ரென் என்று ஒருவன் இருக்கிறான் என்ற பேச்சு அங்கே முன்னாலேயே போயிருந்தது, நிஜப் பெயரைச் சொன்னால் பந்தயம் கட்ட ஆள் வராது. யோசித்துப் பாருங்கள், முப்பது வயதுவரை அவரும் ஊர்க் கதைதான். அந்த விமானத்தில் ஏறாமல் இருந்திருந்தால் உங்கள் ரூம்மேட் ஊர் டீக்கடையிலும், அவர்களுக்கு டீக்கடை உண்டோ என்னவோ, ஒருவர் உட்கார்ந்து 'வெளியே மட்டும் போயிருந்தால்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மிச்சத்தை உங்கள் ரூம்மேட்டே சொல்லியிருப்பார். 1994இல் அமெரிக்க ஓப்பன் நைன்-பாலை ஜெயித்த முதல் வெளிநாட்டவர். 1996இல் ஹாங்காங்கில் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்டோடு மூன்று நாள், 120 ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்கு ஒரு லட்சம் டாலர், 120-117. பின்னால் இருந்து வந்து ஜெயித்தது. 1999இல் கார்டிஃபில் உலகப் பட்டம். 1995இல் ரீனோவில் அதே ஸ்ட்ரிக்லாண்டுக்கு எதிராக, போட வேண்டிய பந்து மறைந்திருந்தபோது, வெள்ளையை டேபிள் ஓரத்துக் குஷன் இரண்டில் மோதவிட்டு இசட் எழுத்துபோலத் திருப்பி அந்தப் பந்தைப் பாக்கெட்டில் போட்ட அடி யூடியூபில் இருக்கிறது. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் பேங்க் சாரை நினைத்துக்கொள்வேன். ஒளித்து வைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும்போது எதிராளி இப்படி அடித்தால் மனிதர் என்ன செய்திருப்பார்.

மார்க்கர் 97இல் மலைக்கே திரும்பிப் போய்விட்டார் என்று கேள்வி. மகன் படித்து முடித்துவிட்டான். நான் அப்போது சென்னையில் இருந்தேன், சொல்லிக்கொண்டு போக எனக்கு வாய்க்கவில்லை.

ஒன்று செய்யுங்கள். உங்கள் கேம்ப் டேபிளில் ரூம்மேட்டோடு ரொடேஷன் ஆடிப் பாருங்கள், அவர்கள் ஊரின் தாய் ஆட்டம் அது. 1 முதல் 15வரை உள்ள பந்துகளில், மேலே இருப்பதில் சின்ன எண்ணை எப்போதும் முதலில் தொட வேண்டும், விழுந்த பந்தின் எண்தான் பாயிண்ட், மொத்தம் 120, முதலில் 61 எடுத்தவர் ஜெயித்தார். வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது என்று அது கற்றுக்கொடுப்பதுபோல எந்தக் கோச்சும் கற்றுக்கொடுக்க முடியாது. அவரிடம் இருபது பாயிண்ட் முன்கூட்டியே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள், முழுசாக அடிக்கவும் சொல்லுங்கள். தோற்றவர் டீ வாங்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்.